வங்கியின் பணியாளர் துறையும் நம் கடைக் கல்லாவும்

பேரிகைக் கடைவீதியில் தக்காளி விலைக்கு அடுத்தபடியாக வேகமாகப் பரவும் செய்தி ஒன்று உண்டு. வங்கி மேனேஜர் மாற்றலாகிப் போகிறார் என்பதுதான் அது. மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இது வெறும் ஊர்ச் செய்தி அல்ல. கேஷ் கிரெடிட் கணக்கைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருக்கும். கடன் வரம்பைக் கூட்டித் தரச் சொல்லி ஸ்டாக் அறிக்கை கொடுத்திருப்போம். "செய்து தருகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சொன்னவர் கிளம்பிவிட்டால், புதிதாக வருபவரிடம் நம் வியாபாரத்தின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டிய மாதத்தில் இது நடந்தால், வெளியே அதிக வட்டிக்குக் கை நீட்ட வேண்டியதுதான்.

அந்த மேனேஜரை நமக்குத் தெரியும். அவரை இங்கே அனுப்பியது யார், எடுப்பது யார், இருவர் இருக்க வேண்டிய கவுண்டரில் ஒருவரை மட்டும் விட்டு வைத்தது யார் என்று நாம் யோசிப்பதில்லை. அது வங்கியின் பணியாளர் துறை. இன்று மனிதவளத் துறை, எச்.ஆர். என்று அழைக்கிறார்கள். அந்தத் துறை கடன் கொடுப்பதில்லை, வட்டி வசூலிப்பதில்லை. ஆனாலும் நம் ஊர்க் கிளையில் எத்தகைய ஆள் உட்காருகிறார் என்பது அதன் கையில்தான் இருக்கிறது.

வங்கிக்குள் இந்தத் துறைக்கு நீண்ட காலம் பெரிய மதிப்பு இருந்ததில்லை. பிறகு சில வங்கிகளில் அதன் சொல் தலைவரின் அறை வரை சென்றது. அந்தப் பொறுப்பை வகித்த இருவர் நாட்டின் பெரிய வங்கிகளுக்குத் தலைவராகவே உயர்ந்தார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், வங்கியோடு பழகுவதற்கும் உதவும். ஆள் வைத்துக் கடை நடத்தும் நமக்கும் உதவும்.

முதலாளியே ஆளைத் தேர்ந்த காலம்

தென்னாட்டு வங்கிகள் பலவும் வணிகர்கள் தொடங்கியவை. கரூர் வைஸ்யா வங்கி 1916ல் கரூரில் பிறந்தது. பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய நாடார் வங்கி 1921ல் தூத்துக்குடியில் பிறந்தது. லட்சுமி விலாஸ் வங்கி 1926ல் கரூர் வணிகர்களால் தொடங்கப்பட்டது. நம் எல்லைப் பகுதி வணிகர்கள் நன்கறிந்த வைஸ்யா வங்கி 1930ல் பெங்களூரில் தோன்றியது. அந்நாளில் இத்தகைய வங்கிகள் சிறியவை. யாரை வேலைக்கு எடுப்பது, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை இயக்குநர்களே முடிவு செய்தார்கள். பையனின் குடும்பம் தெரியும், குணம் தெரியும், கணக்கு எழுதும் கை தெரியும். தனியாக ஒரு துறை தேவைப்படவில்லை.

1969 ஜூலை 19ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அந்த ஆண்டு நடுவில் நாடெங்கும் 8,262 வங்கிக் கிளைகளே இருந்தன. 1991ல் இந்த எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது. இருபது ஆண்டுகளில் ஏழு மடங்கு! ஆயிரம் ஆயிரமாக ஆள் எடுக்க வேண்டியிருந்தது. சம்பளமும் வேலை நிபந்தனைகளும் 1966 அக்டோபரில் கையெழுத்தான முதல் இருதரப்பு ஒப்பந்தத்திலிருந்து தொழிற்சங்கங்களோடு நாடளவில் பேசி முடிவு செய்யப்பட்டு வந்தன. எனவே பணியாளர் துறைக்கு இரண்டு வேலைகளே மிஞ்சின. ஒன்று, ஒப்பந்த விதியைப் படித்துச் சொல்வது. இரண்டு, தவறு செய்தவருக்குக் குற்றப் பத்திரிகை கொடுப்பது.

கிளை மேனேஜரின் கண்ணில் அவர்கள் "ஃபைல்காரர்கள்". ஆள் வேண்டும் என்று எழுதினால் பதில் வராது. வந்தாலும் விதி எண் போட்டு இல்லை என்று வரும். மாதக் கடைசியில் கவுண்டர் முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திராதவர் கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி என்று சுற்றறிக்கை அனுப்புவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போலத்தான் அவர்கள் பேச்சை மற்றத் துறையினர் எடுத்துக்கொண்டார்கள்.

பெயர் மாறியது, மதிப்பு உடனே வரவில்லை

எழுபதுகளின் நடுவில் உதய் பாரிக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்கள் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்துக்கு ஒரு புதிய முறையை வகுத்துக் கொடுத்தார்கள். பணியாளரை விதிப்படி நிர்வகிப்பது ஒரு வேலை. அவரை வளர்ப்பது வேறு வேலை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்டேட் வங்கியும் அதே பத்தாண்டின் பின்பகுதியில் அந்த முறையை ஏற்றது. பிற வங்கிகளும் மனிதவள மேம்பாடு என்று பெயர்ப்பலகையை மாற்றின. பயிற்சிக் கல்லூரிகள் எழுந்தன.

ஆனால் பெயரை மாற்றியதால் மட்டும் சரக்கு விற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். பயிற்சிக்குப் போய் வந்தவர் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பழைய வேலையையே செய்தார். கம்ப்யூட்டர் கொண்டுவருவது பற்றி 1983லும் 1987லும் சங்கங்களோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. எத்தனை இயந்திரம், எங்கே என்பதற்கெல்லாம் வரையறை இருந்தது. ஊழியரின் பயத்தைப் போக்கி அவர் சம்மதத்தைப் பெறக்கூடிய ஆள் பணியாளர் துறையில் இருந்த வங்கியில் வேலை முன்னேறியது. இல்லாத இடத்தில் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

நம் முன்னோடி வங்கியின் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1906ல் சென்னை அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலருடைய சேமிப்பு மூழ்கிய பிறகு, 1907 ஆகஸ்ட் 15ல் சுதேசி உணர்வோடு தொடங்கப்பட்ட வங்கி இது. அதே வங்கி 1995-96ல் ரூ.1,336 கோடி நட்டம் காட்டியது. இந்திய வங்கி ஒன்று அதுவரை காணாத நட்டம். மூடிவிடலாமா, வேறு வங்கியோடு சேர்த்துவிடலாமா என்றெல்லாம் பேச்சு எழுந்தது.

2000ல் ரஞ்சனா குமார் அந்த வங்கியின் தலைவராக வந்தார். அவர் பணியாளர் துறை நிபுணர் அல்லர். ஆனால் அவர் முன் நின்ற பெரிய கேள்வி ஆள் பற்றியதுதான். அரசு மூலதனம் கொடுக்கத் தயாராக இருந்தது. செலவைக் குறைக்க வேண்டும், கிளைகளையும் அலுவலகங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஊழியர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இவற்றில் எதையும் செய்ய முடியாது. வங்கியின் நிலைமையை மறைக்காமல் ஊழியர்களிடம் எடுத்துச் சொல்லி அவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பலர் விலகினார்கள். 2001-02ல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. 2007ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் நிலைக்கு உயர்ந்தது.

இந்த விருப்ப ஓய்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2000-01ல் பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விலகினார்கள். சம்பளச் செலவு குறைந்தது. ஆனால் வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடிய அனுபவசாலிகள் பலரும் அதே வாசல் வழியாக வெளியே போய்விட்டார்கள். அடுத்துப் பல ஆண்டுகள் புதிதாக ஆள் எடுப்பதும் குறைவாகவே இருந்தது. எத்தனை பேர் போக வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், யார் போகக்கூடாது என்று போதுமான அளவு கணக்குப் போடவில்லை. அதைச் சொல்ல வேண்டியது பணியாளர் துறை. பல வங்கிகளில் அதைச் சொல்லும் செல்வாக்கு அந்தத் துறைக்கு அன்று இருக்கவில்லை.

பணியாளர் துறையிலிருந்து தலைவர் நாற்காலிக்கு

செல்வாக்கு எப்படி வரும் என்பதற்கு நல்ல உதாரணம் அனில் கண்டேல்வால். 1908ல் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் தொடங்கிய பாங்க் ஆஃப் பரோடாவில் அவர் நீண்ட காலம் பயிற்சி, பணியாளர் நிர்வாகம், தொழிலுறவு ஆகிய வேலைகளில் இருந்தவர். அந்த வேலைகளிலேயே முடங்கிவிடாமல், கிளைகளை நடத்தும் களப் பொறுப்புகளையும் ஏற்றார். பிறகு தேனா வங்கியின் தலைவராக இருந்துவிட்டு, 2005ல் பாங்க் ஆஃப் பரோடாவின் தலைவராகத் திரும்பினார். 2008 வரை அந்தப் பதவியில் இருந்தார். பணியாளர் துறைக்காரர் ஒருவர் பெரிய பொதுத்துறை வங்கிக்குத் தலைமை ஏற்பது அன்று அபூர்வம்.

வந்தவுடன் வங்கியின் சின்னத்தை மாற்றினார்; கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட் விளம்பரத் தூதரானார். அதெல்லாம் வெளிப்பூச்சு என்று ஒருவர் சொல்லலாம். நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும் கிளைகளை அவர் கொண்டுவந்தார். கடைக்காரருக்கு இதன் அருமை தெரியும். வங்கி திறந்திருக்கும் நேரம்தான் நம் கடையிலும் கூட்டம் நிற்கும் நேரம். கல்லாவை யாரிடம் விட்டுவிட்டுப் பணம் கட்டப் போவது?

வேலை நேரத்தை மாற்றுவது வங்கியில் சாதாரண காரியம் அல்ல. உத்தரவு போட்டால் போராட்டம் வரும். ஊழியரின் குறை என்ன, எதற்கு அவர் இணங்குவார், எதற்கு இணங்கமாட்டார் என்று பல ஆண்டுகள் எதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவரால்தான் இதைச் சாதிக்க முடியும். ஊழியர்கள் தங்கள் குறையைத் தலைவர் அலுவலகத்துக்கு நேராகத் தெரிவிக்கவும், மனக்கஷ்டம் உள்ளவர் ஆலோசனை பெறவும் அவர் வழி செய்தார். கேட்கும் காது மேலே இருக்கிறது என்று கீழே உள்ளவர் நம்பியதால், மேலிருந்து வந்த மாற்றத்துக்கு ஒத்துழைத்தார்.

மத்திய அரசு 2009ல் பொதுத்துறை வங்கிகளின் மனிதவளப் பிரச்சினைகளை ஆராய அவர் தலைமையிலேயே குழு அமைத்தது. 2010ல் வந்த அறிக்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பரிந்துரைகள். பொது மேலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த ஐந்தாண்டுகளில் ஓய்வு பெறப்போகிறார்கள், அடுத்த வரிசையைத் தயார் செய்யுங்கள் என்பது அதில் முக்கியமான எச்சரிக்கை.

கவுண்டர், ஆள், கணக்கு

இரண்டாவது உதாரணம் அருந்ததி பட்டாச்சார்யா. 1977ல் ஸ்டேட் வங்கியில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தவர். நமக்கு அடுத்த பெங்களூர் வட்டத்தின் தலைமைப் பொது மேலாளராக இருந்தவர். பிறகு வங்கியின் பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் உயர் பொறுப்பை வகித்தார். அதன்பின் நிதிப் பொறுப்பையும் பார்த்தார். 2013 அக்டோபரில் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரானார். 2017ல் மைசூர் ஸ்டேட் வங்கி உள்ளிட்ட ஐந்து துணை வங்கிகள் தாய் வங்கியோடு இணைந்தது அவர் காலத்தில்தான்.

குழந்தையை வளர்க்கவோ முதியவரைக் கவனிக்கவோ பெண் ஊழியர் இரண்டாண்டு வரை விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம் என்ற ஏற்பாடு ஸ்டேட் வங்கியில் உண்டு. இதைக் கருணை என்று மட்டும் பார்க்கக்கூடாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் பயிற்சி கொடுத்த ஊழியர் வேலையை விட்டுப் போனால் புதியவரைத் தயாரிக்க எவ்வளவு செலவு ஆகும் என்று கணக்குப் பார்த்தால், இரண்டாண்டு காத்திருப்பது லாபம். பணியாளர் துறை இப்படிப் பைசாக் கணக்கில் பேசத் தொடங்கியபோதுதான் நிதித் துறையினர் நிமிர்ந்து கேட்டார்கள்.

அவருக்கு முன் ஓ.பி. பட் தலைவராக இருந்தபோது, 2007ல், "பரிவர்த்தன்" என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டேட் வங்கி ஊழியர்களைச் சில மாதங்களுக்குள் குழுக் குழுவாக உட்கார வைத்துப் பேசினார்கள். தனியார் வங்கிகளிடம் நாம் வாடிக்கையாளரை இழந்து வருகிறோம் என்ற உண்மையைக் கடைநிலை ஊழியர் வரை சொன்னார்கள். கணக்கை முதலாளி மட்டும் பார்த்துக் கவலைப்படுவதற்கும் கடையில் உள்ள எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

தனியார் துறையில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் மனிதவளத் தலைவர் கே. ராம்குமார் 2009ல் வங்கியின் செயல் இயக்குநராகவே அமர்த்தப்பட்டார். கடன், முதலீடு பற்றி முடிவெடுக்கும் மேசையில் ஆள் பற்றிப் பேசுபவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

"முடியாது" என்று சொல்லும் துணிவு

இதுவரை சொன்னது அனுபவத்தாலும் கணக்காலும் வந்த மதிப்பு. இன்னொரு வகை உண்டு. விதியை யாருக்காகவும் வளைக்காதிருப்பது.

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நடந்த மோசடி வெளிவந்தது. தொகை முதலில் ரூ.11,000 கோடிக்கு மேல் என்றார்கள். பிறகு இன்னும் கூடியது. வைர வியாபாரிகளுக்கு முறையான ஈடின்றி, வங்கியின் மையக் கணக்கில் பதியாமல், உறுதிக் கடிதங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. முக்கியப் பொறுப்பில் உள்ளவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தும், சம்பந்தப்பட்ட அலுவலர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அதே கிளையில் அதே வேலையில் இருந்தார். அவர் ஓய்வு பெற்று வேறொருவர் அந்த நாற்காலிக்கு வந்த பிறகே விஷயம் வெடித்தது.

"அவர் நல்ல வேலைக்காரர், அவர் போனால் வேலை கெடும், இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொல்லும்போது, "முடியாது" என்று சொல்லும் திராணி பணியாளர் துறைக்கு வேண்டும். மோசடிக்குப் பிறகு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வலியுறுத்தவே, வங்கிகளில் பெருமளவில் மாற்றல்கள் நடந்தன. 2021ல் ரிசர்வ் வங்கி இன்னொன்றையும் கண்டிப்பாக்கியது. முக்கியப் பொறுப்பில் உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாட்கள் விடுப்பில் அனுப்ப வேண்டும்; அந்த நாட்களில் அவர்கள் தங்கள் வேலையைத் தொடக்கூடாது. வேறொருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால் மறைத்து வைத்தது தானே வெளியில் வரும் என்பதே இதன் உட்பொருள்.

மாற்றல் நமக்குத் தொந்தரவுதான். ஆனால் வங்கியில் கிடப்பது நம் பணம். அந்தப் பணத்தின் காவலுக்கும் அதே மாற்றல்தான் வேண்டியிருக்கிறது. மேனேஜரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பதைவிட, மாற்றும்போது கணக்கு விவரங்களைப் புதியவரிடம் முறையாக ஒப்படைக்கச் செய்தீர்களா என்று கேட்பதே வணிகர்களுக்குப் பொருத்தமான கேள்வி.

எல்லையில் மொழி

பேரிகையில் ஒரு கடைக்காரர் ஒரே காலைப் பொழுதில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வியாபாரம் பேசுவார். அந்தப் பக்கம் மாலூர், மாஸ்தி. இந்தப் பக்கம் பாகலூர், சூளகிரி, ஓசூர். சந்தைக்குக் காய்கறி கொண்டுவருபவர் எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்கிறோம். வங்கிக் கவுண்டரிலும் அவர் அதையே எதிர்பார்க்கிறார்.

பொதுத்துறை வங்கிகளுக்கு 2011 முதல் ஐ.பி.பி.எஸ். அமைப்பு பொதுத் தேர்வு நடத்துகிறது. எழுத்தர் வேலைக்கு அந்தந்த மாநில மொழி தெரிய வேண்டும். அதிகாரிகள் நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றப்படுபவர்கள். எனவே மொழி அறியாதவர் கிளைக்குத் தலைமை ஏற்பது சாதாரணமாகிவிட்டது. 2025 மே மாதம் நமக்கு அண்டையில் உள்ள ஆனேக்கல் வட்டத்துச் சூர்ய நகரா ஸ்டேட் வங்கிக் கிளையில், வாடிக்கையாளர் கன்னடத்தில் பேசச் சொன்னதை அதிகாரி ஒருவர் மறுத்த காட்சி நாடெங்கும் பரவியது. வங்கி அவரை இடமாற்றம் செய்தது. வங்கி ஊழியர்களுக்கு உள்ளூர் மொழியிலும் பண்பாட்டிலும் பயிற்சி தர வேண்டும் என்று கர்நாடக முதல்வர் கேட்டுக்கொண்டார். கிளையில் உட்காருபவர் வட்டார மொழி பேசுபவராக இருக்க வேண்டும் என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022லேயே வங்கியாளர் கூட்டத்தில் சொல்லியிருந்தார்.

ஒரு தனி அதிகாரியின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மொழி தெரியாத ஊருக்கு ஆயத்தமின்றி ஒருவரை அனுப்பியது நிர்வாகத்தின் குறை. வட்டார மொழி அறிந்தவர்களையே அந்தந்த வட்டத்துக்கு அலுவலராக எடுக்கும் முறையை ஸ்டேட் வங்கி தனியாக வைத்திருக்கிறது. இதுபோன்ற ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கும் பணியாளர் அதிகாரிதான் தம் வங்கிக்கு உண்மையான சேவை செய்பவர். அவர் சொல்லைத் தலைமை அலுவலகம் கேட்க வேண்டுமானால், மொழி தெரியாததால் எத்தனை வைப்புத்தொகை எதிர்க் கிளைக்குப் போயிற்று, எத்தனை நகைக்கடன் அடகுக்கடைக்குப் போயிற்று என்று கணக்கோடு சொல்ல வேண்டும்.

வணிகர்கள் செய்யக்கூடியவை

வங்கியோடு உள்ள உறவில் மூன்று காரியங்களை நாம் செய்யலாம். முதலாவது, மேனேஜர் வாயால் சொன்ன எதையும் கடிதமாக மாற்றிக்கொள்வது. கடன் வரம்பு, வட்டி, புதுப்பிக்கும் தேதி எதுவானாலும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை பெற வேண்டும். வாய்ச்சொல் மாற்றலோடு போய்விடும். முத்திரை இட்ட காகிதம் கிளையிலேயே இருக்கும்.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை, மொழிச் சிக்கல் போன்றவற்றைத் தனித்தனியே புலம்பாமல் சங்கத்தின் பெயரில் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும், முன்னோடி வங்கி மாவட்ட மேலாளருக்கும் எழுதுவது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று பத்து நாள் குறித்து வைத்து எழுதினால், பணியாளர் துறை அதிகாரிக்கும் மேலிடத்தில் வாதாட அது ஆயுதமாகும்.

மூன்றாவது, சொந்தக் கணக்கில் குறை இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுவது. இதற்குக் கட்டணம் இல்லை.

நம் கடைக்கும் ஒரு பணியாளர் துறை

பேரிகையிலும் சுற்று வட்டாரத்திலும் கடைக்குப் பையன் கிடைப்பதில்லை என்பது நம் கூட்டங்களில் தவறாமல் எழும் குறை. ஓசூரில் ஒரு காலத்தில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.சும் டைட்டனும் ஆள் எடுத்தன. இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகளும் சேர்ந்துவிட்டன. ஆலைக்குப் போனால் குறித்த நேரத்தில் வேலை முடியும், வார விடுமுறை உண்டு, வைப்பு நிதி உண்டு. மூட்டை தூக்கி, பொட்டலம் கட்டி, இரவு ஒன்பது மணிக்குக் கடை மூடும் வேலைக்கு அவன் ஏன் வர வேண்டும்?

ஆலை கொடுக்கும் சம்பளத்தை எல்லாக் கடைகளும் கொடுக்க முடியாது. வங்கிகளின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை இருக்கின்றன. வேலைக்கு வந்தவனை ஆறு மாதம் மூட்டையோடு விட்டுவிடாமல், எடை, கொள்முதல், பற்று வரவு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுக்கலாம். இன்ன தேதியில் சம்பளம், இன்ன நாளில் விடுமுறை என்று சொன்னால் அதைத் தவறவிடக்கூடாது. முதலாளியின் சொல் ஒருமுறை பொய்த்தால், அடுத்த முறை சொல்வதை ஆள் காதில் வாங்கமாட்டான். பல ஆண்டுகள் நம்பிக்கையாக இருப்பவரின் பிள்ளைப் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ கை கொடுத்தால், புதியவரைத் தேடிப் பழக்கும் செலவோடு ஒப்பிட அது சிறிய தொகை.

பத்து நாள் விடுப்பு விதியையும் மறக்க வேண்டாம். கல்லாவில் உட்காருபவர், கிடங்குச் சாவி வைத்திருப்பவர், கடன் வசூலுக்குப் போகிறவர், இவர்களில் யாராவது ஆண்டு முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லையென்றால் அது விசுவாசமாகவே இருக்கலாம். இருந்தாலும் திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்பி வையுங்கள். அந்த நாட்களில் நீங்களோ உங்கள் பிள்ளையோ அந்த இடத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் திரும்பி வருபவருக்குக் கூடுதல் மரியாதை கொடுங்கள். அவருடைய வேலையை இன்னொருவருக்கும் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள்.